ஜீலம் கரைக் கற்கோயில்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் சிதைந்து கிடக்கும் பழங்கோயில்கள் பற்றிச் சந்தேகங்களை எழுதச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில், பலர் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில். ஜீலம் என்று இன்று வழங்கும் ஆறுதான் வடமொழி நூல்களில் விதஸ்தா. அதன் கரையிலும் பக்கத்து மேட்டுநிலங்களிலும்தான் இவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன.

ஸ்ரீநகரில் நான்கு நாள் தங்கப் போகிறோம். தால் ஏரி, குல்மார்க் எல்லாம் போக, கோயில்களுக்கு இரண்டு நாள்தான் ஒதுக்க முடியும். எந்த வரிசையில் பார்ப்பது? (கோவை வாசகி)

இரண்டு நாள் தாராளம் அம்மா. முதல் நாள் தெற்கே போங்கள். ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் அவந்திபுரம். முதலில் வருவது அவந்தீசுவரம், சிவன் கோயில். அடுத்த ஒரு கிலோமீட்டருக்குள் அவந்திசுவாமி, பெருமாள் கோயில். இரண்டும் சாலையோரத்திலேயே இருக்கின்றன. முன்னதற்கு அரைமணி, பின்னதற்கு ஒன்றரை மணி ஒதுக்குங்கள். சாப்பாட்டை அனந்தநாகில் முடித்துக்கொண்டு மார்த்தாண்டம் என்ற பழைய சூரியன் கோயிலுக்கு ஏறினால் பிற்பகல் மூன்று மணி ஆகும். அந்த நேரத்தில் போவதுதான் சரி. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

ஓட்டுநரிடம் 'மட்டன்' என்று ஊர் பெயர் சொல்லுங்கள். மார்த்தாண்டம் என்பதே அப்படி மருவியிருக்கிறது. ஆனால் வெறும் 'மட்டன் கோயில்' என்றால், மீன்கள் நீந்தும் ஊற்றுக்குளத்தை ஒட்டி வழிபாட்டில் இருக்கும் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு 'மார்த்தாண்டம் பார்த்தாயிற்று' என்று திரும்பியவர்கள் உண்டு. பழைய சூரியன் கோயில் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மேட்டின் மேல் இருக்கிறது.

இரண்டாம் நாள் வடமேற்கே. பரிகாசபுரம், பட்டன், நேரமிருந்தால் பாராமுல்லா தாண்டி ஊரி போகும் சாலையில் புனியார். பட்டனில் சாலையை ஒட்டியே இரண்டு சிவன் கோயில்கள். புனியார் கோயிலின் சுற்று மாளிகை 53 அறைகளோடு ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. மார்த்தாண்டத்தின் சுற்று சிதையாமல் இருந்தால் எப்படித் தோன்றும் என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடையாது. அது எல்லைக் கோட்டுக்குப் போகும் வழி என்பதால் சோதனைச் சாவடிகள் இருக்கும். எல்லோரும் அசல் அடையாள அட்டை வைத்திருங்கள்.

இன்னொன்று. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும் எடுக்கும். குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொண்டு கிளம்புங்கள். பாதுகாப்புக் காரணங்களால் சில இடங்களைத் திடீரென்று மூடுவதும் உண்டு, முந்தின நாள் மாலை விசாரித்துக்கொள்வது நல்லது.

மார்த்தாண்டம் போனோம். பெரிய பெரிய கற்கள், உடைந்த தூண்கள். சிற்பங்கள் தேய்ந்து முகமே தெரியவில்லை. வழிகாட்டி 'பாண்டவர்கள் கட்டியது' என்றார். உண்மையில் அங்கே என்ன பார்க்க வேண்டும்? (மதுரை வாசகர்)

ஐயா, இடிபாட்டைப் பார்க்கும்போது முதலில் சிற்பத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் வரும். கட்டடத்தின் வரைபடத்தை முதலில் காலால் நடந்து பாருங்கள். சிற்பம் பிறகு தானாகப் புரியும்.

நுழைவாயில் மேற்குப் பக்கம் இருக்கிறது. சூரியனுக்குக் கட்டிய கோயில் மேற்கு பார்த்திருப்பது நமக்கு விசித்திரமாகப் படும். காஷ்மீரில் மேற்கு நோக்கிய கோயில்கள் வேறும் உண்டு, அவந்திசுவாமியும் அப்படியே. மேற்கு வாசல் என்பதால்தான் பிற்பகலில் போகச் சொல்கிறோம். அப்போதுதான் வெளிச்சம் உள்ளே வரும்.

வாசலில் நின்று சுற்றுமுற்றும் பாருங்கள். முற்றம் ஏறக்குறைய 220 அடி நீளம், 142 அடி அகலம். நான்கு பக்கமும் சிறு சிறு அறைகளும் அவற்றுக்கு முன்னே தூண்களும் கொண்ட சுற்று மாளிகை. மொத்தத் தூண்கள் 84. வாரத்துக்கு ஏழு நாள், ராசி பன்னிரண்டு, பெருக்கினால் 84 என்று 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்காம் கணக்குச் சொன்னார். அதை மெய்ப்பிக்கும் சான்று இல்லை, அழகான ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். தூண்களின் உடம்பில் மேலிருந்து கீழாகப் பள்ளக்கோடுகள் ஓடுவதைத் தொடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். கிரேக்கத் தூணின் சாயல் அது. காந்தாரம் வழியாக வந்த பாணி, சில நூற்றாண்டுகளில் காஷ்மீரத்துக்கே உரியதாக மாறிவிட்டது.

நடுவில் மூலக்கோயில். சுமார் 63 அடி நீளம். முன் மண்டபம், அடுத்து இடைநாழி, கடைசியில் கருவறை. மண்டபத்தின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு துணைச் சன்னதிகள். கருவறைச் சுவர் வெறுமையாக இருக்கும், அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். சிற்பம் எல்லாம் முன்னறைகளில். இடைநாழியில் கங்கை, யமுனை இருவரையும் தேடுங்கள். முகம் போய்விட்டாலும் காலடி காட்டிக்கொடுக்கும்: மகரத்தின் மேல் நிற்பவள் கங்கை, ஆமையின் மேல் நிற்பவள் யமுனை. துணைச் சன்னதிச் சுவரில் ஏழு குதிரைகளின் கடிவாளம் பிடித்த அருணன் இருக்கிறான். சூரியனே காணாமல் போன கோயிலில் தேரோட்டி மட்டும் மிஞ்சி நிற்கிறான்.

தேய்ந்த புடைப்புச் சிற்பத்தைப் பார்க்க ஒரு முறை உண்டு. நேரே டார்ச் அடித்தால் எதுவும் தெரியாது. விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் கல்லின் மேல் சறுக்கிக்கொண்டு போகும்படி அடியுங்கள். மேடு பள்ளங்களுக்கு நிழல் விழும். வெறுங்கண்ணுக்குச் சுண்ணாம்புக்கல் பாளமாகத் தெரிந்த இடத்தில் கையும் மாலையும் மகுடமும் எழுந்து வரும். ஒரே சிற்பத்துக்கு இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும்.

மறக்காமல் பார்க்க வேண்டிய இன்னொன்று, வாசல்களின் மேல் இருக்கும் மூவிதழ் வளைவு. மூன்று இலை சேர்ந்தாற்போன்ற வளைவு, அதைத் தழுவிய கூரான முக்கோண முகப்பு. இந்த இரண்டும் சேர்ந்தால் அது காஷ்மீரப் பாணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முக்கோணம் அலங்காரத்துக்கு மட்டும் வந்ததல்ல. பனி வழுக்கி விழ வேண்டும் என்பதற்காக மரக்கூரையைச் செங்குத்தாகச் சரித்துக் கட்டுவது அந்த ஊர் வழக்கம். அதே உருவத்தைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். மார்த்தாண்டத்தின் கூரை முழுதும் போய்விட்டது. இரண்டடுக்குக் கூம்புக் கூரை என்பதை மற்றக் கோயில்களை வைத்து ஊகிக்கிறோம்.

பாண்டவர் கதை வழிகாட்டியின் சொந்தக் கற்பனை அல்ல. ஊர் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருவதுதான். ஆனால் கோயிலைக் கட்டியவர் கார்க்கோட வம்சத்து லலிதாதித்த முக்தாபீடர், 8-ஆம் நூற்றாண்டு. 1148–49-ல் காஷ்மீர மன்னர்களின் வரலாறான ராஜதரங்கிணியை எழுதிய கல்ஹணர் அந்தக் கற்சுவர்களையும், திராட்சை செழித்த அந்த ஊரையும் சேர்த்தே பாடியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் இடித்தது யார்? ஒரு தரப்பு சுல்தான் சிக்கந்தர் என்கிறது, இன்னொரு தரப்பு நிலநடுக்கம் என்கிறது. (திருநெல்வேலி வாசகர்)

இரண்டும் உண்டு. அதோடு முடியவுமில்லை. ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனியாகத்தான் விடை சொல்ல வேண்டும்.

1389 முதல் 1413 வரை ஆண்ட சிக்கந்தர் காலத்தில் கோயில்களும் திருமேனிகளும் அழிக்கப்பட்டதை, 15-ஆம் நூற்றாண்டிலேயே வாழ்ந்த காஷ்மீர வரலாற்றாசிரியர் ஜோனராஜர் எழுதி வைத்திருக்கிறார். மார்த்தாண்டமும் அந்தப் பட்டியலில் வருகிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் அதற்கு முன்னூறு ஆண்டு முன்பே, 1089 முதல் 1101 வரை ஆண்ட ஹர்ஷன் என்ற காஷ்மீர மன்னன், பொன்னுக்காகவும் வெள்ளிக்காகவும் கோயில் விக்கிரகங்களைப் பெயர்த்து உருக்கினான். அதற்கென்றே தேவோத்பாடன நாயகன் என்று ஓர் அதிகாரியை வைத்திருந்தான். தெய்வங்களைப் பெயர்த்தெடுக்கும் தலைவன் என்று பொருள். அந்தக் கொள்ளைக்குத் தப்பிய மிகச் சில தெய்வங்களில் மார்த்தாண்டரும் ஒருவர் என்று கல்ஹணர் குறிக்கிறார். அதற்கும் முன்னே, 883-ல் பட்டம் ஏறிய சங்கரவர்மன், லலிதாதித்தர் கட்டிய பரிகாசபுரத்திலிருந்து கட்டுமானப் பொருள்களை வாரிக்கொண்டுபோய்த் தன் புது ஊரைக் கட்டினான். நீங்கள் பட்டனில் பார்க்கும் கோயில்கள் அந்த ஊரைச் சேர்ந்தவை. ஸ்ரீநகரில் சிக்கந்தரின் மகன் ஜைன-உல்-ஆபிதீனின் தாயாருக்குக் கட்டிய கல்லறை, ஒரு பழங்கோயிலின் கல் அடித்தளத்தின் மேலேயே செங்கல் குவிமாடங்களோடு நிற்கிறது.

இனி நிலம். பள்ளத்தாக்கு முழுதும் நிலநடுக்கப் பகுதி. 1555, 1885, 2005 ஆண்டுகளின் பெரும் அதிர்வுகள் பதிவானவை. மார்த்தாண்டமும் பரிகாசபுரமும் நிற்கும் மேடுகளை கரேவா என்பார்கள். அவை பாறை அல்ல, பழைய ஏரிப்படுகையின் மண். அந்த மண்ணின் மேல் இத்தனை கனமான கற்களை அடுக்கினால், அதிர்வு வரும்போது அடித்தளம் ஒரு பக்கம் இறங்கும், மேலே இணைப்புகள் விடும். கற்களைப் பிணைக்கக் காரையும் இரும்பு முளைகளும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சுற்றியுள்ள கல்லைப் பிளக்கும். பிளவில் தண்ணீர் புகுந்து குளிர்காலத்தில் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரிகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் ஓர் ஆப்பை அடித்து இறக்குவது மாதிரி.

அவந்திபுரத்தின் கற்குவியலைப் பார்த்த கன்னிங்காம், வெடிமருந்து இல்லாமல் இப்படிக் கவிழ்க்க முடியாது என்று எழுதினார். இடித்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அங்கே வெடிமருந்து இருந்ததா என்ற கேள்வி அந்தக் கருத்தைப் பலவீனமாக்கிவிட்டது.

களத்தில் நீங்களே ஓரளவு பிரித்தறியலாம். சிற்பத்தின் மூக்கும் கண்ணும் கையும் மட்டும் குறிபார்த்துக் கொத்தப்பட்டிருந்தால் அது மனிதன் வேலை. தூண் துண்டுகள் உளிக்காயம் இல்லாமல் ஒரே திசையில் விலகியோ விழுந்தோ கிடந்தால் நிலத்தின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். உருவம் முழுவதும் ஒரே சீராகச் சோப்பு கரைந்தாற்போல் மழுங்கியிருந்தால் மழையும் பனியும். மார்த்தாண்டத்தில் மூன்றையும் ஒரே சுவரில் பார்க்கலாம்.

அவந்திபுரம் கோயில் ஏன் சாலையைவிடப் பள்ளத்தில் இருக்கிறது? (தஞ்சாவூர் வாசகி)

ஜீலம் கொண்டுவந்து சேர்த்த வண்டல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் தயாராம் சாஹ்னி தோண்டி எடுக்கும்வரை அவந்திசுவாமியின் முற்றம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. புதைந்ததே அதற்குப் பாதுகாப்பாகவும் ஆயிற்று. மேலே நீட்டிக்கொண்டிருந்த மூலக்கோயில் சிதைந்து போக, மண்ணுக்கடியில் இருந்த சுற்று மாளிகைச் சிற்பங்கள் கூர்மை கெடாமல் கிடைத்தன.

இந்தக் கோயிலைக் கட்டிய அவந்திவர்மன் (ஆட்சி சுமார் 855 முதல் 883 வரை) காலத்தில்தான் அந்த ஆற்றையே அடக்கினார்கள். அவன் பொறியாளர் பெயர் சுய்யன். பாராமுல்லா பக்கத்தில் பாறைகள் சரிந்து விழுந்து ஆற்றின் போக்கை அடைத்திருந்தன, வெள்ளம் வயலில் தேங்கியது, பஞ்சம். சுய்யன் காசுப் பானைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டினான் என்கிறார் கல்ஹணர். பித்தன் என்றார்கள். பசித்த ஜனம் காசைத் தேடிக் கற்களைப் புரட்டி எடுத்தது, ஆறு திறந்துகொண்டது. பிறகு முறையாக அணைபோட்டு, படுகையைத் தூர்வாரி, கரை கட்டினான். ஒரு காரி (அக்கால அளவை) அரிசி 200 தினாரத்திலிருந்து 36-க்கு இறங்கிற்று. சோப்பூர் என்று இன்று வழங்கும் ஊர் அவன் பெயரால் அமைந்த சுய்யபுரம். கோயிலைப் பார்க்கும்போது இந்தக் கணக்கும் நினைவில் இருக்கட்டும்.

ஸ்ரீநகர் எஸ்.பி.எஸ். (ஸ்ரீ பிரதாப் சிங்) அருங்காட்சியகத்தில் பார்த்த விஷ்ணுவுக்கு மூன்று முகம், இடுப்பில் குத்துவாள். இது என்ன வடிவம்? (காரைக்குடி வாசகர்)

வைகுண்ட மூர்த்தி. மூன்று அல்ல, நான்கு முகம். முன்னே சாந்தமான மனித முகம். நீங்கள் பார்க்கும் நிலையில் இடப்புறம் சிங்கம், வலப்புறம் பன்றி. நான்காவது கோரமுகம் பின்னால் இருக்கிறது. சிலை சுவரோரம் இருந்தால் தெரியாது. சில சிலைகளில் பின்முகம் செதுக்கப்படவும் இல்லை.

கைகளை நம் ஊர்ப் பெருமாளை வைத்துத் தேடினால் குழப்பம்தான். இங்கே சங்கு சக்கரம் மேல்கைகளில் இருக்காது. வலக்கையில் தாமரை, இடக்கையில் சங்கு. மற்ற இரு கைகளும் கீழே நிற்கும் இரு சிறு உருவங்களின் தலைமேல் படிந்திருக்கும். ஒரு பக்கம் பெண், கதாதேவி. மறுபக்கம் ஆண், சக்கரபுருஷன். ஆயுதங்களே ஆளாகி நின்று சாமரம் வீசுகின்றன. இரு பாதங்களுக்கு நடுவே மண்ணிலிருந்து எழுபவள் பூதேவி. குத்துவாள் வடமேற்கு நாட்டு அரசர் உடையிலிருந்து வந்தது. அங்கே சூரியனுக்கு முழங்கால் வரை பாதரட்சை இருப்பதும் அதே வழியில்தான்.

லலிதாதித்தன் காவிரிக்கரை வரை படையெடுத்து வந்ததாகப் படித்தேன். உண்மையா? (திருச்சி வாசகர்)

ராஜதரங்கிணியில் இருக்கிறது. படைவீரர்கள் தென்னங்கள்ளைக் குடித்து, காவிரிக் காற்றில் களைப்பாறினார்கள் என்று கல்ஹணர் வர்ணிக்கிறார். ஆனால் அவர் எழுதியது நானூறு ஆண்டு கழித்து. நான்கு திசையும் வென்றதாகப் பாடுவது வடமொழிக் காவிய மரபு. அந்த நூற்றாண்டின் பல்லவ, பாண்டிய, சாளுக்கியக் கல்வெட்டுகள் இப்படி ஒரு படையெடுப்பைச் சொல்லவில்லை. காவிரியின் பெயரும் தென்னையும் 12-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரப் புலவருக்குத் தெரிந்திருந்தன என்பதற்கு நல்ல சான்று. படை வந்ததற்கு அல்ல.

மார்த்தாண்டத்தில் விளக்கேற்றிச் சூரிய நமஸ்காரம் செய்யலாமா? (சென்னை வாசகி)

கைகூப்புவதை யாரும் தடுக்கப் போவதில்லை. விளக்கு, கற்பூரம், அபிஷேகம், குங்குமம் வேண்டாம். வழிபாடு நின்றுபோன பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் புதிதாகப் பூசை நடத்தத் தொல்லியல் துறை விதி இடம் தருவதில்லை. விதியை விடுங்கள், கல்லுக்கே ஆகாது. எண்ணெய் சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைகளில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது, தூசி அதில் ஒட்டிக் கறுத்துப்போகும். தண்ணீர் இறங்கினால் மேலே சொன்ன உறைபனிக் கதைதான். எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ் தேய்ப்பதும் கூடாது. உடைந்த துண்டு ஒன்றை நினைவுக்காக எடுத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். பூசை செய்ய மனம் விரும்பினால் மட்டன் ஊற்றுக்கோயில் இருக்கிறது, அங்கே தீர்த்தமாடி அர்க்கியம் கொடுக்கலாம்.

புகைப்படம் எடுக்கத் தடையில்லை. முக்காலி வைக்கவும் டிரோன் பறக்கவிடவும் முன் அனுமதி வேண்டும்.

இராமானுஜர் போதாயன விருத்தியைத் தேடிப்போன சாரதா பீடத்தைப் பார்க்க முடியுமா? (ஸ்ரீரங்கம் வாசகர்)

பிரம்மசூத்திரத்தின் பழைய உரையான போதாயன விருத்தியைத் தேடி இராமானுஜர் கூரத்தாழ்வானோடு காஷ்மீரம் சென்றார் என்பது வைணவ குருபரம்பரைச் செய்தி. பழைய சாரதா கோயிலின் இடிபாடு கிஷன்கங்கா பள்ளத்தாக்கில், கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இங்கிருந்து போக வழியில்லை. இந்தப் பக்கம், அதே ஆற்றங்கரையில் டீட்வால் என்ற ஊரில் 2023 மார்ச்சில் புதிய சாரதா கோயில் திறக்கப்பட்டது. சிருங்கேரியிலிருந்து வந்த தேவி அங்கே இருக்கிறாள்.

எழுபது வயது. மேடு ஏற முடியாது. ஒரே ஒரு கோயில்தான் என்றால் எது? (சேலம் வாசகர்)

கூரையோடு முழுசாக ஒரு கோயில் வேண்டுமென்றால் ஸ்ரீநகரிலேயே பாந்த்ரேதன் இருக்கிறது. நீர் சூழ நிற்கும் சின்னக் கோயில். உள்ளே விதானத்தில் சதுரத்துக்குள் சதுரமாகத் திருப்பித் திருப்பி வைத்த கற்பலகைகளும், மூலைகளில் பறக்கும் உருவங்களும் அற்புதம். ஆனால் அது ராணுவக் குடியிருப்புக்குள் இருக்கிறது. அனுமதி கிடைப்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது, அதை நம்பிப் பயணம் வகுக்க முடியாது.

ஆகவே அவந்திசுவாமி போங்கள் ஐயா. வண்டி வாசல் வரை போகும். சில படிகள் இறங்கினால் முற்றம், கையைப் பிடிக்க ஓர் ஆள் போதும். 174 அடிக்கு 148 அடி. நடுவில் மூலக்கோயில், நான்கு மூலையிலும் நான்கு சிறு கோயில்கள், பஞ்சாயதனம். மூலக்கோயில் மேடையில் ஏற வேண்டியதில்லை. அதன் படிக்கட்டின் கைச்சுவர்களுக்கு நேரே நில்லுங்கள். இரு தேவியர் நடுவே அமர்ந்த தெய்வம் கண் உயரத்திலேயே இருக்கிறது. திருமகளும் நிலமகளும் சூழ்ந்த திருமால் என்பார் சிலர், ரதியும் பிரீதியும் சூழ்ந்த மன்மதன் என்பார் சிலர். பக்கத்திலேயே பரிவாரத்தோடு அரசனும் அரசியும் கைகூப்பி நிற்கிறார்கள். அவந்திவர்மன் இளவரசனாக இருந்தபோதே எடுப்பித்த கோயில் இது. அந்த முகத்தை நிதானமாகப் பாருங்கள்.